இரண்டாவது முறை ஏற்றப்படும் உலை: மூன்று மைல் தீவும் மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தமும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க். அதற்குத் தெற்கே சுமார் 10 மைல் தூரத்தில், சஸ்குவஹானா ஆற்றின் நடுவே கிடக்கிறது மூன்று மைல் தீவு. அங்கிருந்த இரண்டு அணு உலைகளில் ஒன்று 1979இல் உருகிப்போனது. அந்தக் கதையை உலகம் அறியும். அதன் பக்கத்திலேயே நின்ற மற்றொன்று, பெரிதாக யார் கவனத்தையும் ஈர்க்காமல் 2019 வரை மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 20 அன்று அதை நிறுத்தினார்கள்.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பர் 20 அன்று, அந்த உலையை மறுபடி இயக்கப்போவதாக கான்ஸ்டலேஷன் எனர்ஜி நிறுவனம் அறிவித்தது. செலவு 160 கோடி டாலர். உற்பத்தித் திறன் 835 மெகாவாட். வரும் மின்சாரத்தை 20 ஆண்டுகளுக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொள்ளும். அன்று ஒரே நாளில் கான்ஸ்டலேஷனின் பங்கு விலை 20 சதவீதத்துக்கும் மேல் ஏறியது.

செயற்கை நுண்ணறிவுக்கு அணுமின்சாரம் என்று பேச்செடுத்தாலே முதலில் காட்டப்படும் உதாரணம் இதுதான். முதலீட்டாளர்களும் அரசியல்வாதிகளும் இதைப் பார்த்துவிட்டு, இப்படியே இன்னும் பல உலைகள் வந்துவிடும் என்று நம்புகிறார்கள். என் கருத்து வேறு. இந்த ஒப்பந்தம் நல்லது, நடக்க வேண்டியது. ஆனால், அணு உலை கட்டிச் செயற்கை நுண்ணறிவை நடத்தலாம் என்பதற்கு இது சான்றாகாது. ஏற்கெனவே கட்டி, கடனும் அடைபட்ட உலை ஒன்று சும்மா கிடந்தது; அதற்குப் பணமுள்ள ஒரு வாடிக்கையாளர் கிடைத்தார். நடந்தது அவ்வளவுதான். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் போடும் பணம் தவறான இடத்தில் போய் விழும்.

மூடாத வால்வும் அணைந்த விளக்கும்

1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. இரண்டாம் யூனிட், அதாவது உருகிப்போன அந்த உலை, வணிக உற்பத்தியைத் தொடங்கி மூன்று மாதங்கள்கூட நிறையவில்லை. நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் அனுப்பும் பம்புகள் நின்றுபோயின. உலை தானாகவே அணைந்தது. உள்ளே அழுத்தம் ஏறியதும் ஒரு நிவாரண வால்வு திறந்துகொண்டது. அதுவரை எல்லாம் ஏற்பாட்டின்படியே நடந்தன. அழுத்தம் இறங்கியதும் அந்த வால்வு மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்கென்று ஒரு விளக்கு இருந்தது. மூடச் சொல்லும் மின்கட்டளை போயிற்றா என்பதை மட்டுமே அது காட்டியது. வால்வு உண்மையில் மூடிக்கொண்டதா என்பது அந்த விளக்குக்குத் தெரியாது. கட்டளை போயிற்று, விளக்கு அணைந்தது, பணியாளர்கள் வால்வு மூடிவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் தண்ணீர் அந்த வழியே வெளியேறியது. உலைக்குள் தண்ணீர் மிகுந்துவிட்டது என்று தவறாக நினைத்து, அவசரக் குளிர்விப்பையும் அவர்களே குறைத்தார்கள். உலை மையத்தில் ஏறத்தாழ பாதி உருகிவிட்டது.

வெளியே கசிந்த கதிரியக்கம் குறைவுதான். சுற்றுவட்டாரத்தில் வாழ்ந்த சுமார் 20 லட்சம் பேருக்குச் சராசரியாக 1 மில்லிரெம் அளவு கூடுதலாகக் கிடைத்தது என்பது அரசின் கணக்கு. மார்பு எக்ஸ்ரே ஒன்றில் கிடைப்பதைவிடக் குறைவு. ஆனால் விபத்து நடந்து இரண்டாம் நாள், 5 மைல் சுற்றளவில் உள்ள கர்ப்பிணிகளும் பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளும் வெளியேறுவது நல்லது என்று ஆளுநர் டிக் தார்ன்பர்க் அறிவித்தார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டுப் போன ஒரு தாயிடம் மில்லிரெம் கணக்கைச் சொல்லி என்ன பயன்?

பலர் மறந்துவிட்ட ஒரு செய்தி இங்கேதான் வருகிறது. அந்த அதிகாலையில் முதல் யூனிட், அதாவது இப்போது திறக்கப்போகும் உலை, எரிபொருள் மாற்றுவதற்காக நிறுத்தப்பட்டிருந்தது. அதற்கு எந்தச் சேதமும் இல்லை. ஆனாலும் அது மறுபடி ஓட ஆறரை ஆண்டுகள் ஆயின. ஊர்மக்கள் வழக்குப் போட்டார்கள். அந்த உலையைத் திரும்ப இயக்கினால் எங்களுக்கு ஏற்படும் அச்சத்தையும் மன உளைச்சலையும் சுற்றுச்சூழல் பாதிப்பாகக் கருத வேண்டும் என்பது அவர்களின் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. விபத்து நேரலாம் என்ற அச்சத்தால் வரும் மனப் பாதிப்பைச் சுற்றுச்சூழல் சட்டத்தின்கீழ் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் எடைபோடத் தேவையில்லை என்று 1983இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1985 அக்டோபரில் முதல் யூனிட் ஓடத் தொடங்கியது.

ஆகவே, இப்போது நடப்பது அந்த உலையின் இரண்டாவது மறுதொடக்கம். முதல் முறை, சுற்றியிருந்த மக்களின் எதிர்ப்பைத் தாண்டி நீதிமன்றத்தின் வழியே வந்தது. இந்த முறை சந்தையின் வழியே வருகிறது.

3 சென்ட்டில் மூடிய கடை

1985க்குப் பிறகு அந்த யூனிட் நன்றாகவே ஓடியது. 2009இல் அதன் உரிமம் 2034 வரை நீட்டிக்கப்பட்டது. பிறகு ஏன் 2019இல் மூடினார்கள்? பழுது எதுவும் இல்லை. விலைதான் காரணம்.

பென்சில்வேனியாவின் நிலத்தடிப் பாறைகளிலிருந்து எரிவாயு கொட்டத் தொடங்கியதும் மின்சாரத்தின் மொத்த விலை சரிந்தது. அந்தப் பகுதியின் மின்சந்தையை நடத்தும் பி.ஜே.எம் அமைப்பில் அப்போது ஒரு யூனிட் மின்சாரம் சுமார் 3 சென்ட்டுக்குப் போயிற்று. ஒரே ஓர் உலையை மட்டும் வைத்து நடத்தும் நிலையங்களுக்கு உற்பத்திச் செலவே சராசரியாக 4 சென்ட்டைத் தாண்டியது. காவலுக்கு, பயிற்சிக்கு, பாதுகாப்புப் பணிக்கு ஆகும் செலவை இரண்டு உலைகளுக்குப் பங்கிட்டால் தாங்கும். பக்கத்து உலைதான் 1979இலேயே போய்விட்டதே. இலினாய், நியூயார்க், நியூ ஜெர்சி மாநிலங்கள் தங்கள் அணுமின் நிலையங்களுக்கு உதவித்தொகை கொடுத்துக் காப்பாற்றின. பென்சில்வேனியாவின் சட்டமன்றம் கொடுக்கவில்லை. அப்போதைய உரிமையாளரான எக்ஸலான், 2017இலேயே எச்சரித்தபடி நிலையத்தை மூடியது.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. கரியமில வாயு வெளியிடாமல் இரவும் பகலும் ஓடிய 800 மெகாவாட்டை, ஒரு சென்ட் வித்தியாசத்துக்காக ஒரு சமூகம் அணைத்துவிட்டது. அதே சமூகம் இன்று அதை மூட்ட 160 கோடி டாலர் செலவிடுகிறது.

வாங்க வந்தவரின் அவசரம்

மைக்ரோசாஃப்ட் 2030க்குள் தான் வெளியிடுவதைவிட அதிகமான கரியைக் காற்றிலிருந்து நீக்கிவிடுவதாக 2020இல் உறுதி கூறியது. பிறகு செயற்கை நுண்ணறிவு வந்தது. தரவு மையங்களைக் கட்டிய வேகத்தில், 2020ஐ ஒப்பிட அதன் கரி வெளியீடு சுமார் 29 சதவீதம் கூடிவிட்டதாக 2024இல் அந்நிறுவனமே தெரிவித்தது. சூரியனும் காற்றும் தரும் மின்சாரத்தை அது நிறையவே வாங்குகிறது. ஆனால் தரவு மையம் இரவில் தூங்குவதில்லை. ஆயிரக்கணக்கான கணினிச் சில்லுகள் இடைவிடாமல் ஓடும் கூடத்துக்கு, நள்ளிரவிலும் குறையாத மின்சாரம் வேண்டும்.

தேவையின் அளவைச் சொல்கிறேன். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் கணக்குப்படி, 2023இல் அந்நாட்டுத் தரவு மையங்கள் 17,600 கோடி யூனிட் மின்சாரத்தைப் பயன்படுத்தின. நாட்டின் மொத்தப் பயன்பாட்டில் 4.4 சதவீதம். 2028இல் இது 32,500 கோடியிலிருந்து 58,000 கோடி யூனிட் வரை உயரலாம் என்பது அதே ஆய்வகத்தின் மதிப்பீடு.

ஒரு யூனிட்டுக்கு மைக்ரோசாஃப்ட் என்ன கொடுக்கிறது என்பதை இரு நிறுவனங்களும் வெளியிடவில்லை. 10 சென்ட்டை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ இருக்கும் என்பது பங்குச்சந்தை ஆய்வாளர்களின் மதிப்பீடு. அதை வைத்து ஒரு தோராயக் கணக்குப் போடலாம். 835 மெகாவாட் உலை ஆண்டில் பத்தில் ஒன்பது பங்கு நேரம் ஓடினால் ஏறத்தாழ 660 கோடி யூனிட் கிடைக்கும். யூனிட்டுக்கு 10 சென்ட் என்றால் ஆண்டுக்கு 66 கோடி டாலர் வருமானம். உற்பத்திச் செலவு 5 சென்ட் என்று வைத்தாலும் 33 கோடி மிஞ்சும். 160 கோடி முதலீடு, வட்டியைச் சேர்க்காமல் பார்த்தால், ஐந்து ஆண்டுகளில் திரும்பிவிடும். மீதிப் பதினைந்து ஆண்டுகள் லாபம். அன்று பங்கு விலை ஏன் அப்படிப் பாய்ந்தது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இதற்கு முன்பே, 2022ஆம் ஆண்டின் பணவீக்கக் குறைப்புச் சட்டம் ஓடிக்கொண்டிருக்கும் அணுமின் நிலையங்களுக்கு யூனிட்டுக்கு ஒன்றரை சென்ட் வரை வரிச்சலுகை கொடுத்து, விலைச் சரிவில் அவை மூழ்காமல் பிடித்துக்கொண்டது. அந்தச் சட்டம் மூன்று ஆண்டுகள் முன்னதாக வந்திருந்தால் மூன்று மைல் தீவு மூடப்பட்டே இருக்காது என்று நினைக்கிறேன்.

எது இருந்தது, எது போயிருந்தது

மூடிய உலையைத் திறப்பது பூட்டிய வீட்டைத் திறப்பது போன்றதல்ல. இங்கே காரியம் கைகூடக் காரணம் ஒரு பழைய செலவு. 2009இல், உரிமம் நீட்டிக்கப்பட்ட அதே ஆண்டில், அந்த யூனிட்டின் நீராவிக் கலன்கள் இரண்டையும் எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தினார்கள். அழுத்த நீர் உலைகளில் மாற்றுவதற்கு மிகக் கடினமான உறுப்புகளில் ஒன்று அது. பத்து ஆண்டுகள் மட்டுமே உழைத்த அந்தக் கலன்கள் சோதனையில் நல்ல நிலையில் இருந்தன. இதே காலத்தில் மிச்சிகனில் மறுதொடக்கத்துக்குத் தயாராகிவந்த பாலிசேட்ஸ் நிலையத்தில், நீராவிக் கலன்களின் குழாய்கள் பலவற்றில் அரிப்பு தென்பட்டு, பெரும் எண்ணிக்கையில் உள்ளுறை போட்டுச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

மூன்று மைல் தீவில் போயிருந்தவை வேறு. முதன்மை மின்மாற்றிக்கே சுமார் 10 கோடி டாலர் ஆகும் என்றார்கள். குளிர்விப்புக் கோபுரங்களின் உட்பகுதியைப் புதுப்பிக்க வேண்டும். சுழலி, மின்னாக்கி, கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விடக் கிடைத்தற்கரியது உரிமம் பெற்ற இயக்குநர்கள். கட்டுப்பாட்டு அறையில் உட்கார ஒருவரைத் தயார்செய்ய மாதக்கணக்கில் வகுப்பும் மாதிரி அறைப் பயிற்சியும் வேண்டும். கடைசியில் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் தேர்வு. அணைந்த விளக்கை நம்பிய அந்த அதிகாலைக்குப் பிறகுதான் இந்தப் பயிற்சி முறை இவ்வளவு கறாரானது.

முதலில் 2028 என்று சொன்னார்கள். மின்தொகுப்பில் இணைவதற்கான வரிசையில் முன்னுரிமை கிடைத்ததால் 2027இலேயே தொடங்க முடியும் என்று 2025 ஜூனில் கான்ஸ்டலேஷன் அறிவித்தது. நிலையத்தின் பெயரும் மாறிவிட்டது: 2024இல் மறைந்த எக்ஸலானின் முன்னாள் தலைவர் கிறிஸ் கிரேனின் நினைவாக, கிரேன் தூய எரிசக்தி மையம்.

பணம் யாருடையது

இந்த ஒப்பந்தத்தில் மைக்ரோசாஃப்ட் உலையில் முதலீடு செய்யவில்லை. பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். மின்சாரம் வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறது. மறுதொடக்கம் தாமதமானால், செலவு கூடினால், அந்தச் சுமை கான்ஸ்டலேஷன் தலையில் விழும். 2025 நவம்பரில் அமெரிக்க எரிசக்தித் துறை இந்தத் திட்டத்துக்கு 100 கோடி டாலர் கடன் கொடுத்தது. ஆக, ஆபத்தில் ஒரு பகுதி இப்போது அரசின் கணக்கிலும் ஏறிவிட்டது. உலகின் பெரும் பணக்கார நிறுவனங்களில் ஒன்று வாங்குகிறது, லாபத்தில் ஓடும் ஒரு நிறுவனம் விற்கிறது; நடுவில் பொதுக் கடன் எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வி. வட்டி குறைந்தால் மின்கட்டணம் குறையும் என்று அரசுத் தரப்பு சொல்கிறது. ஆனால் இந்த மின்சாரத்தின் விலை 20 ஆண்டுகளுக்கு ஏற்கெனவே பேசி முடிக்கப்பட்டுவிட்டது. குறையும் வட்டி எந்த வீட்டின் கட்டணத்தில் தெரியப்போகிறது?

வீட்டுக் கட்டணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பி.ஜே.எம் 13 மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் மின்தொகுப்பை நடத்துகிறது. ஆறரைக் கோடிப் பேர் அதை நம்பியிருக்கிறார்கள். தேவைப்படும் நேரத்தில் மின்சாரம் தருவோம் என்று நிலையங்கள் கொடுக்கும் வாக்குறுதிக்கே அங்கே தனியாக ஏலம் நடக்கிறது. 2024-25ஆம் ஆண்டுக்கு அந்த ஏலத்தில் ஒரு மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு 28.92 டாலர். அடுத்த ஆண்டுக்கு 269.92 டாலர். அதற்கு அடுத்த ஆண்டுக்கு 329.17 டாலர், அதுவும் உச்சவரம்பு வைத்ததால் அங்கே நின்றது. ஒன்பது மடங்கு ஏறிய முதல் ஏலத்தில் பெரும்பங்குக்குத் தரவு மையங்களின் தேவையே காரணம் என்று சந்தையைக் கண்காணிக்கும் தனி அமைப்பு கண்டறிந்தது. இந்தப் பணத்தை மைக்ரோசாஃப்ட் மட்டும் கொடுப்பதில்லை. மூன்று மைல் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள சிற்றூர்களின் வீடுகளும் கொடுக்கின்றன.

பென்சில்வேனியா ஆளுநர் ஜோஷ் ஷபிரோவின் நடத்தையில் இந்த முரண் அப்படியே தெரிகிறது. கிரேன் நிலையம் சீக்கிரம் திறக்க வேண்டும் என்று பி.ஜே.எம்முக்குப் பரிந்துரைத்தவர் அவர். ஏல விலை மக்களை வாட்டுகிறது என்று அதே பி.ஜே.எம் மீது முறையிட்டு, உச்சவரம்பு வாங்கித் தந்தவரும் அவர்தான். இரண்டிலும் அவர் செய்தது சரி என்பேன். தொகுப்புக்குப் புதிய மின்சாரம் வேண்டும். அது வந்துசேரும்வரை மக்களைக் காக்கவும் வேண்டும்.

இந்த இடத்தில் கிரேனுக்கு உரிய பெருமையைக் கொடுத்தாக வேண்டும். இங்கிருந்து கிளம்பும் மின்சாரம் தனிக் கம்பியில் தரவு மையத்துக்குப் போகாது. பொதுத் தொகுப்பில் கலக்கும். மைக்ரோசாஃப்ட் தன் பயன்பாட்டோடு அதைக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளும். இல்லாத 835 மெகாவாட் தொகுப்புக்கு வந்து சேர்கிறது. அதே ஆற்றின் மேற்பகுதியில் உள்ள சஸ்குவஹானா அணுமின் நிலையத்தின் கதை வேறு. அதன் வேலியை ஒட்டிய தரவு மைய வளாகத்தை அமேசான் 2024இல் 65 கோடி டாலருக்கு வாங்கியது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் உலையிலிருந்து நேராக மின்சாரம் எடுத்துக்கொள்வது திட்டம். நேரடி இணைப்பின் அளவை 300இலிருந்து 480 மெகாவாட்டாகக் கூட்டக் கேட்டபோது, கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2024 நவம்பரில் மறுத்துவிட்டது. அது புதிய மின்சாரம் அல்ல. ஊர் குடித்துக்கொண்டிருந்த கிணற்றிலிருந்து தனி வாய்க்கால் வெட்டுவது. பிறகு 2025இல் அந்த ஒப்பந்தத்தைப் பொதுத் தொகுப்பின் வழியாகவே மாற்றி அமைத்துக்கொண்டார்கள்.

இன்னும் எத்தனை இருக்கின்றன

கிரேனில் ஒரு கிலோவாட் திறனுக்கு ஆகும் செலவு சுமார் 1,900 டாலர். ஜார்ஜியாவின் வோக்டல் நிலையத்தில் 2023இலும் 2024இலும் ஓடத் தொடங்கிய இரண்டு புதிய உலைகளுக்கு 3,000 கோடி டாலருக்கு மேல் ஆயிற்று. ஏழு ஆண்டுத் தாமதம் வேறு. கிலோவாட்டுக்குக் கணக்கிட்டால் 13,000 டாலரைத் தாண்டும். ஏழு மடங்கு. முதல் கணக்கைக் காட்டி இரண்டாவது வகைத் திட்டத்துக்குப் பணம் திரட்டுகிறவர்களிடம் முதலீட்டாளர் கேட்க வேண்டிய கேள்வி இந்த ஏழு மடங்கைப் பற்றியது.

பழையவற்றையே தேடலாம் என்றால், எத்தனை இருக்கின்றன? பாலிசேட்ஸ் 800 மெகாவாட். அயோவாவில் 2020இல் பெரும்புயலில் குளிர்விப்புக் கோபுரங்கள் சிதைந்து மூடப்பட்ட டுவேன் ஆர்னால்டு 615 மெகாவாட். அதன் மின்சாரத்தை வாங்க 2025இல் கூகுள் ஒப்பந்தம் போட்டது. கிரேனையும் சேர்த்து மூன்றும் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,770 கோடி யூனிட். தரவு மையங்களின் கூடுதல் தேவை என்று மேலே சொன்ன மதிப்பீட்டின் குறைந்த அளவை எடுத்துக்கொண்டாலும், அதில் எட்டில் ஒரு பங்கைத்தான் இவை நிரப்பும். மூடிய மற்ற நிலையங்களில் பெரும்பாலானவற்றைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். சிறு உலைகளை நம்பி கூகுள் கைரோஸ் நிறுவனத்தோடும், அமேசான் எக்ஸ்-எனர்ஜியோடும் கைகோத்திருக்கின்றன. முதல் உலைக்குக் கூகுள் குறித்திருக்கும் ஆண்டு 2030; மற்றவை வந்துசேர 2035 ஆகும். சில்லுகளோ சில ஆண்டுகளில் பழசாகிவிடுகின்றன.

2025 ஜனவரி 27ஐயும் முதலீட்டாளர்கள் மறக்கக் கூடாது. சீனாவின் டீப்சீக், குறைந்த செலவில் பயிற்றுவித்த தன் மாதிரியால் உலகைத் திரும்பிப் பார்க்க வைத்த நாள் அது. இவ்வளவு மின்சாரம் உண்மையில் தேவைதானா என்ற ஐயம் ஒரே நாளில் பரவியது. கான்ஸ்டலேஷன் பங்கு சுமார் 21 சதவீதம் விழுந்தது. உலை அதே உலை; ஒப்பந்தமும் அதேதான். ஏறியபோது ஏறியதும் விழுந்தபோது விழுந்ததும் செயற்கை நுண்ணறிவு மீதான நம்பிக்கை.

தீவில் இன்னொன்றும் இருக்கிறது. முதல் யூனிட் இதுவரை எரித்துத் தீர்த்த எரிபொருள் தண்டுகள், உலர் கலன்களில் அடைக்கப்பட்டு ஆற்றின் நடுவிலேயே நிற்கின்றன. அவற்றை 1998லிருந்து எடுத்துக்கொள்ளத் தொடங்குவதாக அமெரிக்க அரசு சட்டப்படி ஒப்புக்கொண்டிருந்தது. நெவாடாவின் யக்கா மலையில் கட்ட இருந்த கிடங்கு பாதியில் நின்றுபோனதால், இன்றுவரை எங்கும் எடுத்துச் செல்லவில்லை. உலை மறுபடி ஓடினால் அந்தக் கலன்களின் எண்ணிக்கை கூடும். 2027இல் தொடங்கினால் மைக்ரோசாஃப்ட்டின் 20 ஆண்டுகள் 2047இல் முடிந்துவிடும். கான்ஸ்டலேஷன் கேட்கப்போகும் உரிமமோ குறைந்தது 2054 வரை. இடைப்பட்ட அந்த ஏழு ஆண்டுகளுக்கு இன்று வாங்குபவர் யாரும் இல்லை. ஒரு சென்ட் வித்தியாசத்தில் மூடிய அதே சந்தையில்தான் அந்த மின்சாரம் மறுபடி விலை கேட்டு நிற்க வேண்டும்.